வலக்கன்னம் பெரியவள், இடக்கன்னம் சின்னவள்

எங்களுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்த்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள்? மோதி பாக் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்குப் பால் கொண்டு வருபவர் கேட்டார். ஆபீஸில் என் மேலதிகாரி கேட்டார். ஊரிலிருந்து போனில் சித்தப்பா கேட்டார். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன். சித்தப்பாவுக்கு, "ஒருத்தி பசிச்சா அழுவா, இன்னொருத்தி அவ அழுதா அழுவா." பால்காரருக்கு, "பாய் சாப், பின்னாடி சீரியல் நம்பர் போட்டிருக்கு." ஆபீஸில் சொன்னதுதான் மிகவும் பேர் வாங்கியது: "பெரியவ ஒரிஜினல், சின்னவ ட்ரூ காப்பி, அட்டெஸ்ட் பண்ணினது நான்." மத்திய அரசு அலுவலகத்தில் இந்த மாதிரி ஒரு ஜோக் கிடைத்தால் அதை வைத்தே ஓய்வு பெறலாம். புதிதாக மாற்றலாகி வருபவர்களிடம் சொல்லச் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். நானும் வருஷக்கணக்கில் சொன்னேன்.

உண்மையான பதிலை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் அது.

மனைவிக்குத் தெரியும். அவள் மதுரைக்காரி. கரோல் பாக்கில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. கள்ள நோட்டை விரலால் தடவியே சொல்லிவிடுகிற ஆள். பிரசவ விடுப்பில் இருந்த அந்த மாதங்களில், சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே எந்தப் பாப்பா அழுகிறது என்று சொல்லுவாள். நான் தொட்டிலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்லுவேன்.

எனக்காகவே அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். திருஷ்டிப் பொட்டு எப்படியும் வைக்கத்தான் வேண்டும். அதைப் பெரியவளுக்கு வலது கன்னத்திலும் சின்னவளுக்கு இடது கன்னத்திலும் வைத்தாள். சில நிமிஷம் முந்திக்கொண்டு வந்த ஒரே தகுதியால் ஒருத்தி பெரியவள் ஆகியிருந்தாள்.

"இது ஊர்க்கண்ணுக்கு இல்லைங்க," என்றாள். "உங்க கண்ணுக்கு."

வலக்கன்னம் பெரியவள், இடக்கன்னம் சின்னவள். ஆபீஸ் போகும் பஸ்ஸில் இதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். போட்டித் தேர்வுக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. குளிர்காலத்தில் மத்தியான வெயில் காட்ட இரண்டு பாப்பாக்களையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் மை அவருக்குப் பத்தாது. "நஜர் லக் ஜாயேகி" என்று, அதாவது கண் பட்டுவிடும் என்று, தன் காஜலை எடுத்துத் தன் பங்குக்கும் வைத்துவிடுவார். எந்தக் கன்னம் என்பது அவர் கை அன்றைக்கு எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்தது. சில நாள் இரண்டு பேரும் இரண்டு கன்னத்திலும் பொட்டோடு இறங்கி வருவார்கள். அன்றைக்கு மனைவி வீட்டில் இல்லையென்றால் நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். "மேடம்" என்பேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காததால் பிரச்சினை இல்லை.

இரண்டாவது ஓட்டை, குளியல். தண்ணீர் பட்டால் மை போய்விடும் என்று அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிய ஒருவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்டும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். ஒருத்தியைக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, துண்டில் சுற்றிக் கட்டிலில் போட்டேன். பக்கத்தில் இன்னொருத்தி, குளிருக்காக ஏற்கனவே துண்டில் சுற்றப்பட்டு, முகத்தைத் துடைத்த துடைப்பில் பொட்டும் போய், தயாராகக் கிடந்தாள். வாளியில் சுடுதண்ணீர் மாற்றிக்கொண்டு வந்தேன். ஒருத்தியை எடுத்தேன். குளிப்பாட்டினேன். வேலை முடிந்த திருப்தியில் டீ கேட்டேன்.

மனைவி வந்து இரண்டு பேரையும் முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இவ மேல பால் வாடை அப்படியே இருக்கு."

"கொஞ்சம் இருக்கும். சோப்பு புதுசு."

"அவ தலை இன்னும் ஈரமா இருக்கு."

"வேர்வையா இருக்கும்."

"ஜனவரியில."

"ஒரே முகம்தானே, ஒருத்தி ரெண்டு தடவை குளிச்சா ரெண்டு பேருக்கும் சேர்ந்ததுதான்" என்றேன். இரண்டு தடவை குளித்தவளுக்கு ஒரு வாரம் மூக்கு ஒழுகியது. அது யார் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு இதையும் ஒரு ஜோக்காக்கி ஆபீஸுக்குக் கொண்டு போனேன்.

"நீ எப்படித்தான் கண்டுபிடிக்கிறே?" என்று ஒரு நாள் அவளிடம் நிஜமாகவே கேட்டேன்.

"பார்த்துக்கிட்டே இருந்தா தெரியாதுங்க. எடுத்தா தெரியும்."

எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எடையைத் தவிர. பிறகு மெதுமெதுவாகப் புரிந்தது. பெரியவளைத் தூக்கினால், ஒரு கையால் என் காலரை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பிக் கதவைப் பார்ப்பாள். யாராவது வருகிறார்களா, யாராவது போகிறார்களா என்று கேட் காவலாளி மாதிரி ஒரு பார்வை. சின்னவளைத் தூக்கினால் அவளுக்குக் கதவு, ஜன்னல், உலகம் எதுவும் வேண்டாம். தலையைக் கொண்டுவந்து என் தாடைக்குக் கீழே செருகிக்கொள்வாள். முட்டி முட்டி இடம் பண்ணிக்கொண்டு அங்கேயே இருப்பாள். என் குரல் அவள் உச்சந்தலையில் அதிரும் போலிருக்கிறது. நான் பேசினால் அசையாமல் கேட்பாள். நான் எப்போதும் பேசுகிற ஆள் என்பதால் அவளுக்கு அது தோதாக இருந்தது.

அதற்குப் பிறகு பொட்டை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் யார் என்று சொன்னேன். ஆனால் கேட்டவர்களிடம் இதைச் சொல்லவில்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லையே.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். காலனிப் பூங்காவில் ஊஞ்சல் பட்டுப் பெரியவளின் புருவத்தில் ஒரு தழும்பு விழுந்தது. சின்னவளுக்குக் கண்ணாடி வந்தது. இப்போது யாரும் யாரையும் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. தழும்பா, கண்ணாடியா, அவ்வளவுதான். எடுத்தால் தெரியும் என்று ஒரு வித்தை எனக்குக் கைவந்திருந்ததையே நான் மறந்துபோனேன். எந்த நாளில் அவர்களைக் கடைசியாகத் தூக்கினேன் என்பதும் தெரியவில்லை. கடைசி என்று தெரிந்தா இறக்கிவிடுகிறோம்?

இரண்டு பேரும் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு செக்‌ஷன். பெரியவள் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள், வாசலில் நிற்கும்போதுகூட ஓடத் தயாராக நிற்கிறாள். சின்னவள் நிறையப் படிக்கிறாள், இந்தியிலும் ஆங்கிலத்திலும். பேசும் தமிழ் வீட்டளவில் உண்டு. அதிலும் பாதி இந்தி. பக்கத்திலேயே தமிழ் சொல்லித்தரும் பள்ளி இருந்தது. பஸ் வசதி, அது இது என்று வேறு இடத்தில் சேர்த்தோம். அதைப் பற்றி அப்புறம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சின்னவள் வந்து நின்றாள்.

"அப்பா, மேம் பேபி ஃபோட்டோ கேட்டிருக்காங்க. போர்டுல ஒட்டுவாங்க, எல்லாரும் இது யாரு, கௌன் ஹைன்னு கெஸ் பண்ணணும். சிங்கிள் ஃபோட்டோ வேணும். நான் மட்டும்."

"உங்க அக்காவுக்கு?"

"அவ கிளாஸுலயும் கேட்டிருக்காங்க."

பெரியவள் சோபாவில் தலைகீழாகக் கிடந்தபடி சொன்னாள். "எதுனாலும் எடு. சேம் தானே."

"சேம் இல்லை," என்றாள் சின்னவள். பெரியவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். "கிளாஸுல என்னைக் காப்பின்னு சொல்றாங்க. நான் காப்பி இல்லைன்னு போர்டுல தெரியணும். எனக்கு மேரா ஃபோட்டோ வேணும். பக்கா என்னோடது."

காப்பி. அந்த வார்த்தை எங்கிருந்து புறப்பட்டு, எந்த வீட்டுத் திருமண ஆண்டு விழாவில் யார் காதில் விழுந்து, எந்தக் குழந்தை வழியாக அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் ஆராயவில்லை. ஷூவைக் கழற்றக் குனிந்தவன் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே இருந்தேன்.

பழைய படங்களை எல்லாம் மனைவி தன் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் நான் எடுத்தவை. அவள் எடுத்தவை அவள் போனோடு சரோஜினி நகர் மார்க்கெட் கூட்டத்தில் போய்விட்டன. சாப்பாட்டு மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். கட்டிலில் ஜோடியாகக் கிடக்கும் படங்கள் ஏராளம். அவற்றில் யார் யார் என்பதை அவர்களைப் படைத்தவரே நாலு தடவை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தனியாக ஒரு பாப்பா மட்டும் இருக்கும் படங்கள் எல்லாம் என் தோளில் இருப்பவை. எனக்கு ஒரு பழக்கம். பாப்பாவைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னையும் சேர்த்துத்தான் எடுப்பேன். கையை நீட்டி, போனின் முன்பக்கக் கேமராவில்.

"இது இடது கன்னம்," என்றேன் ஒரு படத்தைக் காட்டி. "அப்போ சின்னவ. முடிஞ்சுது. சாப்பாடு போடு."

மனைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, உங்க சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கு?"

பார்த்தேன். வலது பக்கம்தான் இருந்தது. அந்த மாதிரி சட்டையை எந்தத் தையல்காரரும் எனக்குத் தைத்துக் கொடுத்ததில்லை. முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலத்தை மாற்றிப் போட்டிருந்தது. அந்தப் போன் மாற்றிப் போட்டது. அடுத்து வாங்கிய போன் மாற்றவில்லை. இடையில் இரண்டு போன்களையும் கலந்து பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு.

"அப்போ பையைப் பார்த்தே சொல்லிடலாமே," என்றாள் சின்னவள். கண்ணாடிக்குள் கண் பளிச்சென்றது. "பை தப்பா இருந்தா பொட்டும் தப்பு. உல்டா பண்ணிக்கலாம்."

புத்திசாலிதான். வரிசையாகப் பார்த்தோம். வெயில் காலப் படங்களில் என் சட்டைப் பை தெரிந்தது. தில்லி வெயிலில் வேர்த்து, பாப்பாவின் பொட்டு கரைந்து காணாமல் போயிருந்தது. குளிர்காலப் படங்களில் பொட்டு ஜோராக இருந்தது; நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பை தெரிந்த படத்தில் பொட்டில்லை, பொட்டு தெரிந்த படத்தில் பையில்லை. இரண்டும் தெரிந்த அந்த முதல் படத்தில் பாப்பா வாயைத் திறந்து தும்மிக்கொண்டிருந்தாள். தவிர, பையின் கணக்குப்படி அது பெரியவள். அதை யாருக்கும் பிடிக்கவில்லை. பஞ்சாபி ஆன்ட்டியின் காஜலை மனைவி நினைவுபடுத்தியதும் மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று.

"நீங்களாவது பேரைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

ஒரு வீடியோ இருந்தது. போட்டுப் பார்த்தோம். தரையில் ஒரு பாப்பா எழுந்து நின்று, ஒரு அடி எடுத்து வைத்து, உட்கார்ந்துவிடுகிறாள். என் குரல் பின்னாலிருந்து உற்சாகமாகச் சொல்கிறது: "யாரோ ஒருத்தி நடந்துட்டா."

அன்றைக்கு அந்த வீடியோவை அனுப்பாத ஆள் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். இப்போது மேஜையில் பெரியவள் மட்டும் சிரித்தாள். சின்னவள் லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்றில் நின்றாள். நீல ஸ்வெட்டரில் நான். தோளில் ஒரு பாப்பா, முகம் நன்றாகத் தெரிய, இடது கன்னத்தில் பொட்டு.

"இது நான். ஹை நா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் படத்திலிருந்து தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் என்னை நோக்கி நீண்டிருந்த அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்தபோது, ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நீதான்," என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

நான் சிரிக்காமல் சொல்லும் விஷயங்கள் குறைவு என்பதால் அவள் அப்படியே நம்பினாள். பெரியவள் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டாள். அதில் பொட்டு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. தேவையான அளவுக்கு வெட்டி, அம்மாவோடு போய் மார்க்கெட்டில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அவற்றைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்த்தேன்.

சில வாரம் கழித்துப் பெற்றோர் சந்திப்பு. நானும் மனைவியும் ஆசிரியையிடம் பேசி முடித்ததும் சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். இரண்டு செக்‌ஷனின் போர்டுகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஊகிக்கும் விளையாட்டு முடிந்து ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர் எழுதியிருந்தார்கள்.

"இதோ, நான்," என்றாள். "முதல்ல யாரும் சொல்லலை தெரியுமா. அப்புறம் ஒருத்தி, யே தோ தேரி சிஸ்டர் ஹை, இது உன் அக்காதான்னா. நான் சொன்னேன், நஹீ, எங்க அப்பாவே சொன்னார், இது நான்தான்னு. அப்புறம் எல்லாரும் அச்சான்னுட்டாங்க."

படம் பெரிதாகப் போட்டிருந்தது. என்னைச் சுத்தமாக வெட்டிவிட்டிருந்தாள். நீல ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டை மட்டும் கொஞ்சம் மிச்சம். அந்தப் பட்டையை ஒரு சின்னக் கை இறுகப் பிடித்திருந்தது. முகம் வெளியே திரும்பி, கண்கள் ஓரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. கதவை.

அடுத்த போர்டில் பெரியவளின் படம். அதிலும் காலரில் கை. அதிலும் கண் கதவில்.

எத்தனையோ வருஷமாக வராமல் இருந்த அந்த எடை என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பொட்டு வேண்டாம், பை வேண்டாம், துளி சந்தேகம் இல்லை. இரண்டு போர்டிலும் இருந்தவள் ஒருத்திதான்.

"நல்லா இருக்கா?" என்றாள் சின்னவள்.

"ரொம்ப," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெண்கள் பூங்காவுக்கு ஓடிவிட்டார்கள். மனைவி துப்பட்டாவை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ரெண்டும் பெரியவ."

"ஆமா."

"சின்னத்துல பார்த்தப்போ தெரியலைங்க. பெருசாப் போட்டதும் கை தெரிஞ்சுது."

"சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்லுவீங்க? உன் அக்கா படத்தை ஒட்டிட்டு, நான் காப்பி இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்னா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ போடப் போனாள்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். முகம் தெரிகிற படம் ஒவ்வொன்றிலும் கை காலரில் இருந்தது. ஒவ்வொன்றிலும் கண் வெளியே இருந்தது. என் தோளில் எடுத்த அத்தனை படத்திலும் பெரியவள், பெரியவள், பெரியவள். சின்னவளை நான் தூக்கவே இல்லையா? தூக்கினேன். சாயங்காலமெல்லாம் அவள்தான் என் மேல் இருப்பாள். கையை நீட்டிப் படமும் எடுத்திருக்கிறேன்.

பிறகு ஞாபகம் வந்தது. அவள் தலையைத் தாடைக்குக் கீழே செருகிக்கொள்வாள். படத்தில் என் முகம் வரும். அவள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் முடி வரும். போனில் இடமில்லை என்று செய்தி வரும்போதெல்லாம், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, சரியாக விழாத படங்களை நான் அழிப்பேன். ஆடியது, இருட்டானது, முகம் தெரியாதது. முகம் தெரியாததெல்லாம் அவள். ஒவ்வொரு தடவையும் இது என்ன படம் என்று சலித்துக்கொண்டு, கட்டைவிரலால் அழித்துக்கொண்டே ஆபீஸ் போயிருக்கிறேன்.

எங்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு வித்தியாசம் எனக்குக் கிடைத்திருந்தது. நான் பாட்டுக்கு இரண்டு பேரிடமும் ஒன்றாக இருந்த ஒரே பொருளை, முகத்தை, தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. அது தப்பியதற்குக் காரணம் பிள்ளைப் பாசம் இல்லை. அதில் நான் அழகாக இருந்தேன். தலையில் அப்போது முடி இருந்தது. வெளிச்சம் நல்ல பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. ஒரு நடிகனுக்குரிய புன்னகை. சில காலம் வாட்ஸாப்பில் முகப்புப் படமாகக்கூட வைத்திருந்தேன். அந்தப் புன்னகைக்குக் கீழே, தாடைக்கும் மார்புக்கும் நடுவில், ஒரு கொத்துக் கறுப்பு முடி. ஒரு காது மடலின் ஓரம். அவ்வளவுதான்.

சின்னவளைக் கூப்பிட்டேன். வந்து, என் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஹீரோ மாதிரி போஸ்," என்றாள். "இது எதுக்கு?"

"இதுல நீ இருக்கே."

"எங்க?"

"தாடைக்குக் கீழ."

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, திரைக்கு ஒட்டிப் போய்ப் பார்த்தாள். "யே தோ பால் ஹைன். வெறும் முடி."

"அது நீ. நீ எப்பவும் அங்கதான் இருப்பே. தூக்கினா நேரா அங்க போயிடுவே."

"அவ?"

"அவ அங்க வரமாட்டா. இது நீதான். இந்தத் தடவை பக்கா."

வாயை விட்டு வந்துவிட்டது. அவள் படத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள்.

"இந்தத் தடவைன்னா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"ம்," என்றாள்.

அந்த 'ம்' அவள் அம்மாவுடையது. எவ்வளவு தெரிந்துகொண்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு லேப்டாப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, படத்தை வெட்ட ஆரம்பித்தாள். முதலில் என் தலைமுடியை எடுத்தாள். நெற்றியை எடுத்தாள். அந்தப் புன்னகை போனது. தாடைக்கு வந்ததும் நின்றாள். இன்னும் வெட்டினால் முடி போய்விடும். அங்கேயும் இங்கேயும் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் என் தாடையும், சவரம் சரியில்லாத கொஞ்சம் கழுத்தும், அவள் முடியும் காதோரமும் மிஞ்சின. அதைத் தன் டேப்லெட்டுக்கு அனுப்பிக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

"மேமுக்கு இதைக் கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நஹீ. இதுல யாரும் கெஸ் பண்ண முடியாது."

எழுந்து போனாள். ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. என் முதுகுக்கும் அவள் வயதுக்கும் அது நல்ல யோசனை இல்லை.

போர்டில் அவள் பெயருக்கு மேலே அவள் அக்கா வருஷம் முடியும் வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய் ஓயாத ஒருவனுக்குச் சொல்ல நல்ல விஷயம் ஒன்று, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, சரியான பதிலாகவே வந்து சேர்ந்தது. அதைச் சொல்ல வழியில்லை. ஆபீஸில் போன மாதம் புதிதாக வந்தவரிடம் ட்ரூ காப்பி ஜோக்கைச் சொல்லச் சொன்னார்கள். மறந்துவிட்டது என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இதை இங்கே எழுதுவதில் ஒரு தைரியம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் தமிழ் படிக்க வராது. அவரவர் பெயரை மட்டும் தமிழில் படிக்கத் தெரியும். ஒரு கோடை விடுமுறையில் நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவோடு நின்றுவிட்டது. அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை. இப்போதுகூடச் சின்னவள் பின்னால் வந்து நின்று, திரையில் தன் பெயரைத் தேடிப் பார்த்தாள்.

"என்ன அப்பா எழுதறீங்க?"

"ஆபீஸ் வேலை."

"இவ்வளவா?" என்றாள். தாடையை என் உச்சந்தலையில், முடி இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.